ஆண்டனி மோசஸ் முதல் பெனுவா பிளாங்க் வரை: தன்பாலீர்ப்புள்ள துப்பறிவாளர்கள்

மழைக்கால மேட்னி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த இழையில் ‘மும்பை போலீஸ்’, ‘தேவா’, ‘விக்டிம்’ மூன்றின் முடிவுகளும் வெளிப்படையாக வரும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் ‘தேவா’ பார்த்தேன். 2025 ஜனவரி கடைசியில் வந்த இந்திப் படம். ஷாகித் கபூர் நாயகன், இயக்கம் ரோஷன் ஆண்ட்ரூஸ். இதே இயக்குநர் 2013 மே மாதம் மலையாளத்தில் எடுத்த ‘மும்பை போலீஸ்’தான் இதற்கு மூலம். எழுதியவர்கள் பாபியும் சஞ்சயும். அதில் பிரித்விராஜ்தான் ஏ.சி.பி. ஆண்டனி மோசஸ். சக அதிகாரியும் உயிர் நண்பனுமான ஆரியன் (ஜெயசூர்யா) விருது விழாவில் பேசிக்கொண்டிருக்கும்போதே சுட்டுக் கொல்லப்படுகிறான். கொலையாளியைக் கண்டுபிடித்துவிட்டதாக ஆண்டனி கமிஷனருக்கு (ரகுமான்) போன் போடுகிறான். பெயரைச் சொல்வதற்குள் விபத்து. நினைவு போய்விடுகிறது. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் அதே வழக்கை மறுபடியும் முதலிலிருந்து விசாரிக்கிறான். தேடித்தேடிக் கடைசியில் வந்து நிற்பது தன்னிடமே.

ஏன் கொன்றான்? ஆண்டனி ஒரு ஆணைக் காதலிப்பது ஆரியனுக்குத் தெரிந்துவிட்டது. நண்பன் அருவருத்து விலகுகிறான். வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் நடக்கிற கொலை அது.

இந்தியில் நினைவிழப்பு இருக்கிறது, கொலை இருக்கிறது, கொலையாளியும் அவனேதான். ஆண்டனியின் காதல் மட்டும் இல்லை. அதை எடுத்துவிட்டு வேறொரு காரணத்தை வைத்துவிட்டார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து, அதே இயக்குநர் கையால், இந்த நாட்டின் வெகுஜன சினிமாவில் வந்த அரிய தன்பாலீர்ப்புத் துப்பறிவாளன் காணாமல் போய்விட்டான். எனக்கு மனசே ஆறவில்லை. உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?

---

கடைசிவரிசை

நண்பரே, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நான் எதிர்ப்பக்கம்தான் நிற்பேன்.

மலையாளப் படத்தில் அந்த விஷயம் எப்படி வருகிறது? இரண்டு மணி நேரம் ஒரு முரட்டு போலீஸ்காரனைக் காட்டுகிறார்கள். கடைசிப் பத்து இருபது நிமிஷத்தில், ‘இவன் இப்படிப்பட்டவன்’ என்று திரையை விலக்குகிறார்கள். பார்ப்பவன் அதிர வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். ஒரு மனிதனுடைய காதலை அதிர்ச்சி மருந்தாகப் பயன்படுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. அதோடு ‘தன்பாலீர்ப்பு உள்ளவன், அதனால் கொலைகாரன்’ என்ற பழைய கோடும் ஒட்டிக்கொண்டு வருகிறது.

நமக்கு இது புதுசும் இல்லை. ‘வேட்டையாடு விளையாடு’ 2006இல் வந்தது. அதில் கொலைகாரர்களான இளமாறனும் அமுதனும் தன்பாலீர்ப்புள்ளவர்கள் என்பதைப் படம் ஜாடையாகச் சொல்லும். கடைசியில் ராகவன் அவர்களைப் பார்த்து அதைக் கேவலமாகக் கேட்பார். தியேட்டரே கைதட்டியது. அந்தக் கைதட்டலில் நானும் இருந்தேன், பத்தொன்பது வயசில். இன்று அதை நினைத்தால் கூசுகிறது. அந்தக் கோட்டில் இன்னொரு கொலைகாரன் வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். ‘தேவா’ எந்தக் காரணத்துக்காக எடுத்திருந்தாலும், எடுத்தது நல்லதுதான்.

---

நூலகப்பூனை

கடைசிவரிசை சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு இந்த வகைப் படங்களின் பழைய கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஹாலிவுட்டில் 1930இல் ஒரு தணிக்கை விதித் தொகுப்பு எழுதப்பட்டு, 1934 முதல் கறாராக அமலானது. தன்பாலீர்ப்பைப் பற்றி ஜாடைகூடக் காட்டக் கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று. அதனால் என்ன ஆயிற்று? நேரடியாகக் காட்ட முடியாததை வில்லன்கள் தலையில் வாசனையாகவும் நடையாகவும் ஏற்றினார்கள். 1941இல் வந்த ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ படத்தில் பீட்டர் லோரி நடித்த கெய்ரோ கொடுக்கும் விசிட்டிங் கார்டு பூவாசம் வீசும். அதை முகர்ந்து பார்த்தவுடனே எல்லோருக்கும் புரிந்துவிடும். துப்பறிவாளர் ஸ்பேட் அந்த ஆளைக் கன்னத்தில் அறைவார். அப்படியென்றால் இந்த வகைப் படங்களில் தன்பாலீர்ப்பாளருக்கு முதலில் கிடைத்த இடம், துப்பறிவாளரிடம் அடி வாங்குகிற இடம். அந்த இடத்திலிருந்து எழுந்து அவர்களே துப்பறியத் தொடங்கியது எப்போது என்பதுதான் என் கேள்வி.

எனக்குத் தெரிந்து அதற்கு ஒரு வருஷம் உண்டு: 1961. ‘விக்டிம்’, பிரிட்டிஷ் படம். இயக்கம் பேசில் டியர்டன், எழுதியவர்கள் ஜேனட் கிரீனும் ஜான் மெக்கார்மிக்கும். இங்கிலாந்தில் அப்போது ஆணும் ஆணும் உடலுறவு கொள்வது குற்றம். 1957இல் வந்த வொல்ஃபென்டன் அறிக்கை அந்தச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லியும் அரசாங்கம் அசையவில்லை. அந்த நேரத்தில் டர்க் போகார்ட் என்ற பெரிய நட்சத்திரம் மெல்வில் ஃபார் என்ற வழக்கறிஞராக நடித்தார். ஃபாருக்குக் கல்யாணமாகிவிட்டது. ராணியின் வழக்கறிஞர் என்ற பெரிய பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பாரெட் என்ற இளைஞனோடு முன்பு ஒரு நெருக்கம். தப்பாக எதுவும் நடக்கவில்லை, ஆனால் மனசு போயிருந்தது. அதற்குப் பயந்து அவரே விலகிக்கொண்டார். காருக்குள் பாரெட் அழ, பக்கத்தில் ஃபார் இருக்கும் ஒரு புகைப்படம் மிரட்டல் கும்பல் கையில் சிக்குகிறது. பாரெட் கம்பெனிப் பணத்தைத் திருடிக் கும்பலுக்குக் கொடுக்கிறான், ஃபாரின் பெயரைக் காப்பாற்ற. போலீஸ் பிடித்ததும் லாக்கப்பிலேயே தூக்கில் தொங்கிவிடுகிறான்.

அதற்கப்புறம்தான் ஃபார் துப்பறியக் கிளம்புகிறார். முடிதிருத்துபவர், மேடை நடிகர் என்று இதே கும்பலிடம் சிக்கியவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போகிறார். பெரும்பாலானோர் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்கள். புகார் கொடுத்தாலே தாங்களும் குற்றவாளி. விசாரிக்கும் இன்ஸ்பெக்டருக்கே, இந்தச் சட்டம்தான் மிரட்டுபவர்களுக்குச் சோறு போடுகிறது என்று தெரிந்திருக்கிறது. ஃபார் கும்பலைப் பிடித்துக் கொடுக்கிறார். சாட்சி சொன்னால் தன் பெயர் நாறும், பதவி போகும் என்று தெரிந்தே செய்கிறார்.

‘ஹோமோசெக்சுவல்’ என்ற சொல் ஆங்கிலப் படத்தில் முதன்முதலாக ஒலித்தது இதில்தான் என்பார்கள். பிரிட்டனில் பெரியவர்களுக்கு மட்டும் என்ற எக்ஸ் சான்றிதழ். அமெரிக்கத் தணிக்கை முத்திரை கிடைக்கவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம் மாறியது 1967இல்.

---

மழைக்கால மேட்னி

நூலகப்பூனை, இதைப் படித்ததும் எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. ஃபாரும் ஆண்டனியும் ஒரே பயத்தில் நிற்பவர்கள். ஒருவர் பயத்தை மீறி வழக்கைக் கையில் எடுக்கிறார். மற்றவன் பயத்தில் கொல்கிறான். ஆனால் நினைவு போன பிறகு இன்னொரு ஆண்டனி இருக்கிறான் இல்லையா? அவனுக்கு அந்தப் பயம் தெரியாது. உண்மை எங்கே போகிறதோ அங்கே போகிறான். தான்தான் என்று தெரிந்தபோதும் மறைக்கவில்லை, கமிஷனரிடம் சொல்கிறான். கொன்றவன் முதல் ஆண்டனி. ஃபாரைப் போல நடந்துகொள்பவன் இரண்டாவது ஆண்டனி.

அதனால்தான் ‘தேவா’வில் அந்தக் காரணத்தை எடுத்தது எனக்கு வலிக்கிறது. வேறு காரணம் வைத்தால் அது தவறு செய்த ஒரு போலீஸ்காரனின் கதை. மூலக் காரணம் இருக்கும்போதுதான் துப்பறிபவனே துப்பு ஆகிறான்.

---

பரமபதம்

ஒரு சின்னத் தகவல். இடையில் தெலுங்கிலும் வந்தது. ‘ஹண்ட்’, 2023 ஜனவரி 26. சுதீர் பாபு நாயகன், ஶ்ரீகாந்த், நம்ம பரத். அதில் அந்தக் காரணத்தை அப்படியே வைத்திருந்தார்கள். படம் ஓடவில்லை. ஆனால் வைத்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. வேறு இழைகளில் சிலர் ‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் ஆளை விட்டுவிட்டுப் படுக்கையை மட்டும் பேசுகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்த வழக்கைத் தொடர்ந்து, 2022இல் தமிழ்நாடு அரசு ஒரு சொற்பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது. ‘தன்பாலீர்ப்பாளர்’ என்று நூலகப்பூனை எழுதியிருப்பது நல்ல சொல். அதையே எல்லோரும் பயன்படுத்தலாமே.

---

கடைசிவரிசை

சரி, சொல் விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். நானும் முன்பு அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஃபார், ஆண்டனி ஒப்பீடு அழகாக இருக்கிறது. ஆனால் அது நம் மனசில் உண்டாகும் அழகு. படம் அப்படிப் பார்க்கச் சொல்கிறதா? நினைவு போன ஆண்டனியிடம் அவன் காதலன் வந்து நெருங்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டனி அதிர்ந்து, அருவருத்து, அவனைத் தள்ளுகிறான். நினைவு போனால் ஈர்ப்பும் போய்விடுமா? வலது கைக்காரன் நினைவிழந்தால் இடது கைக்காரன் ஆகிவிடுவானா? தன்பாலீர்ப்பு என்பது கற்றுக்கொண்ட கெட்ட பழக்கம், மறந்தால் சுத்தமாகிவிடலாம் என்று சொல்வது போல இருக்கிறது. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

---

செம்பருத்தி_பூத்த_வீடு

நான் இங்கே பெரும்பாலும் படிப்பதோடு சரி. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் தன்பாலீர்ப்புள்ளவன். 2013இல் எனக்கு இருபது வயசு. நாகர்கோவிலில் படித்துக்கொண்டிருந்தேன். ஹாஸ்டல் நண்பர்கள் ஆறு பேரோடு ‘மும்பை போலீஸ்’ பார்க்கப் போனேன். எங்கள் பக்கம் மலையாளப் படம் என்றால் சொந்தப் படம் மாதிரி. கதை யாருக்கும் தெரியாது.

கடைசிவரிசை சொல்கிற அந்தக் காட்சி வந்தபோது தியேட்டரில் கூச்சல். சிலர் விசில், சிலர் கெட்ட வார்த்தை. என் பக்கத்தில் இருந்த நண்பன் ‘சீ’ என்றான். நான் திரையைப் பார்க்கவில்லை. இருட்டில் என் முகத்தை யாராவது பார்க்கிறார்களா என்றுதான் பார்த்தேன். இப்போது யோசித்தால், அந்தப் பத்து நிமிஷம் நான் ஆண்டனியாகத்தான் இருந்தேன். நண்பனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற அந்தக் கணக்கை ஒவ்வொரு நாளும் போட்டுப் பார்த்தவன் நான்.

அந்தக் காட்சியைப் பற்றி. நினைவிழந்தவன் அருவருப்பது மருத்துவப்படி தப்பு என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு அது வேறு மாதிரிப் பட்டது. அந்த அருவருப்பு அவனுடையது இல்லை, ஊர் அவனுக்குள் போட்டது. காதலித்தது நினைவில் இல்லை, வெறுக்கச் சொல்லிக் கொடுத்தது மட்டும் மிச்சம் இருக்கிறது. பதினைந்து வயசில் எனக்கும் அப்படித்தான். யாரையும் காதலிப்பதற்கு முன்பே என்னையே வெறுக்கத் தெரிந்திருந்தது.

படம் அதை நினைத்து எடுத்ததா என்று கேட்டால் இல்லை என்றே சொல்வேன். ஆனால் எனக்குக் கிடைத்தது. பிரித்விராஜ் மாதிரி ஒரு நாயகன், சண்டை போடுகிறவன், மேலதிகாரிக்குப் பிடித்தவன், என்னைப் போல ஒருவன் என்று பெரிய திரையில் வந்தது அதுதான் எனக்கு முதல் தடவை. கொலைகாரனாக வந்தான், உண்மைதான். அவனை எடுத்துவிட்டால் அந்த இருபது வயசுப் பையனுக்கு அன்று எதுவுமே மிஞ்சாது.

இன்னொரு விஷயம். அந்தப் படம் வந்த மே மாதத்தில், எங்களைக் குற்றவாளிகளாக்கிய 377ஆம் சட்டப் பிரிவைத் தளர்த்திய டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு (2009 ஜூலை) நடப்பில் இருந்தது. அதே வருஷம் டிசம்பர் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நாங்கள் மறுபடி குற்றவாளிகள் ஆனோம், 2018 செப்டம்பர் 6 வரை. ஆண்டனியின் பயம் கதைக்காக உண்டாக்கியது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

---

கடைசிவரிசை

செம்பருத்தி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ‘தேவா’வில் எடுத்தது நல்லது என்று நான் சொன்னது தப்பு. திரும்பப் பெறுகிறேன். அந்த ‘சீ’ என்ற நண்பன் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்கலாமா? விருப்பமில்லை என்றால் பதில் வேண்டாம்.

---

செம்பருத்தி_பூத்த_வீடு

கேட்கலாம். 2019இல் அவனிடம் சொன்னேன். மூன்று மாதம் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் அவனே வந்தான். இப்போது நன்றாகவே இருக்கிறோம்.

---

நூலகப்பூனை

நன்றி செம்பருத்தி.

நான் விட்ட இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் ரகசியம், பயம், கொலை என்பதைத் தாண்டியும் சில துப்பறிவாளர்கள் இருக்கிறார்கள்.

1970இல் பில்லி வைல்டர் ‘ஷெர்லாக் ஹோம்ஸின் அந்தரங்க வாழ்க்கை’ என்று ஒரு படம் எடுத்தார். ராபர்ட் ஸ்டீபன்ஸ்தான் ஹோம்ஸ். ஒரு ரஷ்ய பாலே நடனக்காரி ஹோம்ஸ் மூலம் ஒரு பிள்ளை வேண்டும் என்று கேட்க, அவர் நானும் வாட்சனும் ஜோடி என்கிற மாதிரி சொல்லித் தப்பிப்பார். வாட்சனுக்கு ஆத்திரம் பொங்கும். பிற்பாடு அவர் ஹோம்ஸிடம், உங்கள் வாழ்க்கையில் பெண்கள் இருந்திருக்கிறார்கள்தானே என்று கேட்பார். ஹோம்ஸ் நேரான பதில் சொல்ல மாட்டார். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓட எடுத்த படத்தை ஸ்டூடியோ இரண்டு மணி நேரத்துக்கு வெட்டியது. இன்னும் துணிந்திருக்கலாம் என்று வைல்டரே பின்னாளில் வருத்தப்பட்டார்.

2005இல் ஷேன் பிளாக் எழுதி இயக்கிய ‘கிஸ் கிஸ் பேங் பேங்’. வால் கில்மர் அதில் லாஸ் ஏஞ்சலஸ் தனியார் துப்பறிவாளர், பெயர் பெர்ரி. தன்பாலீர்ப்பாளர் என்பது எல்லோருக்கும் தெரியும், அவரும் மறைப்பதில்லை. ராபர்ட் டவுனி ஜூனியரின் பாத்திரத்தைவிட அவருக்கே மூளை அதிகம், தொழில் சுத்தம் அதிகம். குண்டு பாய்ந்தும் பிழைக்கிறார். இந்த மாதிரிப் பாத்திரம் கடைசி ரீல் வரை உயிரோடு இருப்பது எவ்வளவு அபூர்வம் என்று யோசியுங்கள்.

அதே வருஷம் டொனால்ட் ஸ்ட்ரேச்சி தொலைக்காட்சிப் படங்கள் தொடங்கின. 2005 முதல் 2008 வரை நான்கு. நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி ஊரில் தொழில் நடத்தும் துப்பறிவாளர், வீட்டில் டிமோத்தி என்ற துணைவர். நடித்த சாட் ஆலன் தானும் தன்பாலீர்ப்பாளர்தான். சின்ன பட்ஜெட், சாதாரணப் படங்கள். ஆனாலும் வழக்கு முடிந்து வீட்டுக்கு வந்தால் ஒருவர் காத்திருக்கிறார் என்ற அந்த ஒரு விஷயத்துக்காக நான் நாலையும் பார்த்தேன்.

---

பரமபதம்

பெனுவா பிளாங்க்கை யாரும் சொல்லவில்லையே?

---

மழைக்கால மேட்னி

தலைப்பில் போட்டுவிட்டு நானே மறந்துவிட்டேன். ‘கிளாஸ் ஆனியன்’, 2022. துப்பறிவாளர் பெனுவா பிளாங்க்காக வரும் டேனியல் கிரெய்க் குளியல் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு, ஊரடங்கு நேரத்தில் வேலையில்லாமல் புழுங்குவார். ஹெலன் என்ற பெண் வந்து கதவைத் தட்டும்போது திறப்பது ஹ்யூ கிராண்ட், உடம்பெல்லாம் மாவு ஒட்டியிருக்கும். ரொட்டி செய்துகொண்டிருந்திருக்கிறார். அவ்வளவுதான். விளக்கம் எதுவும் இல்லை. பிளாங்க் தன்பாலீர்ப்பாளரா என்று லண்டன் திரைப்பட விழாவில் கேட்டபோது இயக்குநர் ரையன் ஜான்சன் ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

---

நூலகப்பூனை

அந்தக் குளியல் தொட்டிக் காட்சியில் கம்ப்யூட்டர் திரையில் பிளாங்க்கோடு விளையாடுகிறவர்களைப் பார்த்தீர்களா? ஒருவர் நடிகை ஏஞ்சலா லான்ஸ்பரி. இன்னொருவர் இசையமைப்பாளர் ஸ்டீபன் சோண்ட்ஹைம். படம் வருவதற்குள் இருவருமே காலமாகிவிட்டார்கள்.

சோண்ட்ஹைம் அங்கே சும்மா வரவில்லை. 1973இல் அவரும் நடிகர் ஆண்டனி பெர்கின்ஸும் சேர்ந்து ‘தி லாஸ்ட் ஆஃப் ஷீலா’ என்ற மர்மப் படத்துக்குக் கதை எழுதினார்கள். பணக்காரன் ஒருவன் நண்பர்களைப் படகுக்கு அழைத்து, ஆளுக்கொரு அட்டை கொடுத்து விளையாட்டு வைக்கிறான். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு ரகசியம்: கடைத்திருடர், முன்னாள் கைதி, காட்டிக்கொடுத்தவர் என்று. அவற்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் இறந்துபோன ஷீலாவின் பெயர் ஆங்கிலத்தில் வரும். அதில் இரண்டாம் எழுத்துக்கான அட்டை ‘தன்பாலீர்ப்பாளர்’. திருட்டோடும் சிறைவாசத்தோடும் ஒரே சீட்டுக்கட்டுக்குள் வைத்து எண்ணப்படும் ரகசியம். எழுதிய சோண்ட்ஹைம் தானே தன்பாலீர்ப்பாளர் என்பதை நினைத்தால் அந்த அட்டை கனக்கிறது.

‘கிளாஸ் ஆனியன்’ அந்தப் படத்துக்குக் கடன்பட்டது என்பதை ரையன் ஜான்சன் மறைக்கவில்லை. அதே மாதிரிப் பணக்காரன், அதே மாதிரி விளையாட்டு. ஆனால் இந்த முறை அந்த அட்டை சீட்டுக்கட்டுக்குள் இல்லை. வாசலில் மாவு ஒட்டிய கையோடு நிற்கிறது. சோண்ட்ஹைம் அதே படத்தில் திரையில் இருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

---

கடைசிவரிசை

இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தால் ஒருவர் ரொட்டி மாவோடு நிற்க வேண்டும். தமிழில் அப்படி ஒரு இன்ஸ்பெக்டர் வர வேண்டும். போலீஸ் நடத்தை விதிகளில் தன்பாலீர்ப்பாளர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று 2022இல் தமிழ்நாட்டிலேயே சேர்த்துவிட்டார்கள். விதி வந்துவிட்டது, பாத்திரம் வரவில்லை.

---

செம்பருத்தி_பூத்த_வீடு

வரட்டும், சந்தோஷம். ஆனால் எனக்கு இரண்டும் வேண்டும். பிளாங்க் வீட்டுக் கதவு எனக்குப் பிடிக்கும். ஆனால் நான் வளர்ந்த வீட்டில் அந்தக் கதவு அவ்வளவு லேசாகத் திறக்காது. ஃபாரையும் ஆண்டனியையும் எடுத்துவிட்டு நேராக ரொட்டி மாவுக்குப் போனால், நடுவில் நாங்கள் இருந்த வருஷங்களை யார் சொல்வது?

---

கடைசிவரிசை

பத்து நாள் கழித்து வருகிறேன். நேற்று ‘மும்பை போலீஸ்’ மறுபடி பார்த்தேன், நீங்கள் எல்லோரும் சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு.

தொடக்கத்தில் வரும் அந்த போன் காட்சியை முன்பு நான் கவனிக்கவே இல்லை. வழக்கை முடித்துவிட்டேன் என்று ஆண்டனி காரில் போய்க்கொண்டே கமிஷனரிடம் சொல்கிறான். முதல் தடவை பார்த்தபோது அது ஒரு கெட்டிக்கார போலீஸ்காரனின் குரல். இப்போது கேட்டால் ஒப்புக்கொள்ளப் போகிறவனின் குரல். ஆரியன் அந்த மேடையில் ஆண்டனியைப் பாராட்டத்தான் இருந்தான் என்பது அதற்குள் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் உண்மையைச் சொல்லக் கிளம்பியவன் இரண்டாவது ஆண்டனி மட்டும் இல்லை, மேட்னி. முதல் ஆண்டனியே சொல்ல வாயெடுத்தவன்தான். விபத்துதான் முந்திக்கொண்டது.

‘விக்டிம்’ நாளைக்குப் பார்க்கப் போகிறேன். என் மனைவியும் பார்க்கிறேன் என்கிறாள். முடிவைப் படித்துவிட்டோம், பரவாயில்லை.

---

நூலகப்பூனை

கடைசிக் காட்சியை நான் சொல்லவில்லை. ஃபார் அந்தப் புகைப்படத்தை என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.